பவளம் பொறந்த ஊட்டுக்குப் போனது

வாங்க தம்பி, வாங்க. வழி விசாரிச்சே வந்துட்டீங்களா? குதிரைக்காரரு ஊடுன்னா குஞ்சு குளுவான்கூடக் கையைக் காட்டும். சித்தெ உக்காருங்க. மயிலாத்தா, ஒறம்பரை வந்திருக்குது, மோரு கொண்டா!

உங்க குதிரைக்கு மாசம் நெருங்குதுன்னு போன்ல சொன்னீங்கல்ல? தலை ஈத்தா? அப்படீன்னா சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. காங்கயத்துச் சுத்துவட்டாரத்துல சினைக் குதிரையை எப்படிப் பாத்துக்கறதுன்னு இந்த நாச்சிமுத்துவையாட்டம் தெரிஞ்சவன் வேற எவனுமில்லைங்க. பெருமைக்குச் சொல்லலை. எனக்குப் பெருமை பேசற பழக்கமே கெடையாது.

ஏம் புள்ள, உள்ள என்ன சிரிப்பு? மோரைக் கலக்கற வேலையைப் பாரு.

அதுங்களா? அந்த ரூமா? எல்லாரும் மொதல்ல அதைத்தான் பாக்கறாங்க. என்ற குதிரை பவளத்தோட பிரசவ ரூமுங்க அது. ஃபேன் இருக்குது, டியூப் லைட்டு இருக்குது, தண்ணிக்குக் குழாய் இருக்குது. மூலைல கேமரா பாத்தீங்களா? நான் கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல பாக்கலாம், அவ நிக்கறாளா, தின்னறாளா, வாலை ஆட்டறாளான்னு. தரைக்கு டைல்ஸு, ரோஸ் கலரு. கடையில இருக்கறதுலயே பளபளன்னு இருக்கறதைக் குடுன்னு கேட்டு வாங்கியாந்தேன். "சமையக்கட்டுக்கு டைல்ஸ் போடுங்கன்னு கேட்டுக் கேட்டு என்ற வாயே வலிச்சுப் போச்சு, குதிரைக்கு ரோஸ் கலரா?"ன்னு மயிலாத்தா ஒரு வாரம் எங்கூடப் பேசலைங்க. அவளுக்குக் குதிரைன்னாலே ஆகாது தம்பி. குதிரை கட்டற கட்டுத்தாரைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டா.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன்னா, எனக்கு ஒரே ஒரு ஆசைங்க. குட்டி பொறக்கறதை என்ற ரெண்டு கண்ணால பாக்கணும். அவ்வளவுதான். என்ற மக கோகிலா பொறந்தப்ப நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னேன். அவளுக்குப் புள்ளை பொறந்தப்பவும் வராண்டாதான். மாடு ஈனறப்ப எல்லாம் நான் சந்தைக்குப் போயிருப்பேன், இல்ல கல்யாணத்துக்குப் போயிருப்பேன். ஒரு உசுரு தாய் வயித்துல இருந்து பூமிக்கு வர்றதை இந்த வயசு வரைக்கும் நான் பாத்ததில்லைங்க. பவளத்துக்காவது கூட இருந்துறணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.

பவளத்தை வாங்கினது புளியங்காட்டு வலசு கொழந்தசாமிகிட்டைங்க. ரோட்டுல போனா சுத்து, வேலிக்கு நடுவால போற இட்டேறித் தடத்துல புகுந்து நடந்தா பக்கம். அவருக்குப் பெரிய கொறங்காடு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க ஒரு வேலாமரம். மாடு கன்னு எல்லாம் அதுபாட்டுக்கு மேஞ்சுக்கும், ஆளே வேண்டாம். பவளம் அதுக்குள்ளயே பொறந்து ஓடித் திரிஞ்சவ. கயித்தை என்ற கைல குடுக்கறப்ப கொழந்தசாமி கண்ணுல தண்ணி. "பொண்ணைக் குடுக்கறாப்பல குடுக்கறேனுங்க"ன்னாரு. நானும் மனசு இளகிப்போயி, "வெசனப்படாதீங்க, இனி நாம சம்மந்திங்க"ன்னு வாயை விட்டுட்டேன். பேச்சுக்குச் சொன்னதுங்க அது. அந்த மனுசன் அப்படியே புடிச்சுக்கிட்டாரு.

அந்தியூர்ப் பக்கம் கொண்டுபோயி நல்ல ஆண் குதிரைக்கு விட்டு, சினையும் நின்னுச்சு. குதிரைக்குப் பதினோரு மாசமுங்க, அது உங்களுக்கே தெரியும். பத்தாம் மாசம் பொறந்த ஒரு வெள்ளிக்கெழமை, காலைல வாசல்ல வேன் வந்து நிக்குது. கொழந்தசாமி வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில எறங்கறாரு. பின்னாடியே அவிய ஊட்டம்மா, பட்டுச்சேலை, தலை நெறையாப் பூவு. அதுக்கும் பின்னால தூக்குப்போசி தூக்குப்போசியாப் புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு. ஒரு அண்டா நெறைய ஊற வச்ச கொள்ளு, கம்பு, வெல்லம். என்னன்னு நெனைக்கறீங்க? கட்டுச்சோறுங்க! மாசமா இருக்கற பொண்ணுக்குத் தாய் ஊட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டாருவாங்கல்ல, அது! அந்தம்மா ஒரு டஜன் கண்ணாடி வளையலைச் செவப்புக் கயித்துல கோத்துப் பவளம் கழுத்துல கட்டி, நெத்தில சந்தனம் வச்சுட்டாங்க. பவளமும் சிணுங்காம நிக்கறா. ஊரே கூடிருச்சு. எவனோ போட்டோ வேற எடுக்கறான்.

கொழந்தசாமி கை கூப்பிக்கிட்டு, "சம்மந்தி, நாள் நல்லா இருக்குது. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தோம். தலைப்பிரசவம் பொறந்த ஊட்டுலதானுங்களே"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. "அதெல்லாம் மனுசங்களுக்குங்க"ன்னேன். அதுக்கு அவரு, "அன்னைக்கு உடுமலைல கோகிலாவோட மாமியார் ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நீங்க என்ன சத்தம் போட்டீங்க? நாந்தானே கார் ஓட்டிக்கிட்டு வந்தேன்! தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அனுப்பாதவன் மனுசனான்னு கேட்டீங்களே"ங்கறாரு. நாலு பேரு முன்னால!

அது வேற, இது வேறைங்க. கோகிலாவோட மாமியார் பெரிய ஆஸ்பத்திரி, ஏசி ரூமு, அது இதுன்னு பீத்திக்கிட்டாங்க. பொண்ணுக்கு என்ன வேணும்? பொறந்து வளந்த எடம் வேணும், மனசுக்குப் பழகின காத்து வேணும். அதை விட்டுட்டு ரூமுல டைல்ஸ் இருக்குது, ஏசி இருக்குதுன்னா ஆச்சா? அதைத்தான் அன்னைக்குச் சொன்னேன். இதுக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்? நீங்களே சொல்லுங்க.

சோத்தை வாங்கி வச்சுக்கிட்டு வேனைத் திருப்பி அனுப்பிட்டேன். புளிச்சோறு நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்த வாரம் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ரண ஜன்னி ஊசி போட வந்தாங்க. சின்னப் பொண்ணு, ஆனா வெவரமான பொண்ணு. நான் ரூமைக் காட்டினேன். பாராட்டுவாங்கன்னு பாத்தா, செருப்புக் காலைத் தரைல வச்சு ஒரு தேய்ப்புத் தேய்ச்சுட்டு, "இங்க யாருங்கய்யா குளிக்கப் போறாங்க?"ன்னு கேட்டாங்க. அப்புறம் பவளத்தோட காலைத் தடவிப் பாத்துட்டு, "வீங்கியிருக்குதே, படுக்கறாளா?"ன்னாங்க. நின்னுக்கிட்டே தூங்கறது குதிரைக்குப் பழக்கந்தானேன்னேன். "நல்லா அசந்து தூங்கறதுக்குப் படுத்துத்தான் ஆகணும். வழுக்கும்னு பயந்து நிக்குது. ஈனறப்பப் படுத்துப் படுத்து எந்திரிக்கும், அப்பக் கால் வழுக்கி விழுந்தா குட்டியும் போயிரும், தாயும் போயிரும்"னாங்க.

இதைக் கேட்டுக்குங்க தம்பி, உங்களுக்கும் ஆகும். எங்க ஈனப் போவுதோ அந்த எடத்துல ஒரு மாசம் முன்னாலயே கொண்டுபோயி விட்டுறணுமாம். அந்த மண்ணுல, காத்துல இருக்கற நோய்க்கெல்லாம் தாயோட ஒடம்பு எதிர்ப்பைச் சேத்து வச்சுச் சீம்பால்ல குட்டிக்குக் குடுக்குமாம். கடைசி வாரத்துல வண்டில ஏத்தி அலைக்கழிக்கப்படாது. லாடத்தைக் கழட்டிரணும். கீழ மரத்தூள் ஆகாது, குட்டியோட ஈர மூக்குல ஒட்டும். நல்லாக் காஞ்ச வைக்கோல் கனமாப் பரப்பணும். "ஒண்ணு டைல்ஸைப் பேத்துட்டு மண்ணைக் கொட்டி வைக்கோல் போடுங்க. இல்ல, தண்ணி தேங்காத மேட்டுல, வேலி நல்லா இருக்கற மேய்ச்சல் காட்டுக்கு இப்பவே அனுப்புங்க. இன்னும் தள்ளிப் போடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

டைல்ஸைப் பேக்கறதாவது! சாக்கு விரிச்சேன். பவளம் சாக்கை மூலைக்குத் தள்ளிருச்சு. சாக்கு மேல வைக்கோல் போட்டேன். வைக்கோலைத் தின்னுபோட்டு மறுபடியும் நின்னுக்கிச்சு. மயிலாத்தா, "பேத்து எறியுங்க, குட்டி பெருசா ரோஸ் கலரு பெருசா"ன்னு ராவுடி பண்ணறா. "நீ சத்தம் போடாமப் பொட்டாட்ட இரு, குதிரையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்"னேன்.

ஒரு நாள் பொழுதோட நானும் அவளும் போன்ல பாத்துக்கிட்டு இருக்கறோம். பவளம் திரும்பறப்பப் பின்னங்கால் சர்ருன்னு போச்சுங்க. எப்படியோ ஊனி நின்னுக்கிச்சு. நான் கட்டில்ல இருந்து துள்ளி எந்திரிச்சுட்டேன், பொய் சொல்லலை. ஆனா விழலையே! "பாத்தியா, சமாளிச்சுக்கிட்டா"ன்னு சொன்னேன். மயிலாத்தா போனைக் கட்டில்ல வச்சுட்டு எந்திரிச்சு உள்ள போனா. அன்னைக்கு அவ சோறும் திங்கலை.

மறுநாள் விடிஞ்சு கண்ணு முழிச்சுப் போனைப் பாத்தா, ஒரே இருட்டுங்க. ஓடிப் போயிப் பாத்தா கேமரா மேல ஈரத் துண்டு தொங்குது. வேற எடமே கெடைக்காம மயிலாத்தா அதுலதான் காயப் போட்டிருக்கா. ரூமுக்குள்ள பவளத்தைக் காணம்!

இங்கதான் தம்பி நீங்க கவனிக்கணும். குதிரைக்கு எவ்வளவு அறிவுங்கறீங்க! ரூமுக் கதவோட நாதாங்கியை மூக்காலயே நெம்பித் தள்ளியிருக்குது. சரி, அதாச்சும் பரவாயில்லை. வெளிக் கேட்டைத் தொறந்து வெளிய போயி, மறுபடியும் கேட்டைச் சாத்திக் கொக்கியும் மாட்டிட்டுப் போயிருக்குது! ஆடு உள்ள வந்துரும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. கயித்தைக் காணம். கொள்ளு ஊற வச்ச போசியையும் காணம். வாயில கவ்விக்கிட்டுப் போயிருக்கும்போல. நான் இதை எத்தனையோ பேருகிட்டச் சொல்லிட்டேன், ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான்.

ஊட்டுல மயிலாத்தாளும் இல்லை. நான் ஒத்தை ஆளு, வேட்டி அவுந்தது தெரியாம ஓடறேன். சுத்தியும் தொறந்த கெணறுங்க. ஒவ்வொரு கெணத்தையும் எட்டி எட்டிப் பாக்கறேன். நெறை மாசக்காரி, எங்க விழுந்து கெடக்கறாளோ, அய்யோன்னு வாய் விட்டு அழுதுட்டேன் தம்பி. சொல்றதுக்கு என்ன வெக்கம்? தேம்பித் தேம்பி அழுதேன்.

வெயில் ஏறி ஊட்டுக்குத் திரும்பறேன், மயிலாத்தாளும் வந்துட்டா. மேமூச்சு கீமூச்சு வாங்குது. சேலைல முழங்கால் வரைக்கும் ஒட்டுப்புல்லு, கைல கிளுவை முள்ளுக் கீறலு. எங்கடி போனேன்னா, "பவளத்துக்கு நல்லபடியா ஆகணும்னு கருப்பராயன் கோயிலுக்குப் போனேனுங்க"ங்கறா. குதிரையே ஆகாதுன்னவ கோயிலுக்குப் போயிருக்கா பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு அவ மேல ஒரு பாசமே வந்துச்சு. அந்தக் கோயில் வழியைத்தான் சுத்தம் பண்ணவே மாட்டேங்கறாங்க. பஞ்சாயத்துல சொல்லோணும்.

அந்நேரம் போன் அடிக்குது. கொழந்தசாமி! "சம்மந்தி, பொண்ணு கோவிச்சுச் சீராட்டிக்கிட்டுத் தாய் ஊட்டுக்கு வந்து சேந்துட்டாளுங்க"ன்னு சொல்லிட்டுக் கெக்கெக்கேன்னு சிரிக்கறாரு.

உசுரு திரும்பி வந்துச்சு. கூடவே கோவமும் வந்துச்சு. இப்பவே போயி இழுத்துக்கிட்டு வரேன்னு வண்டியை எடுத்தேன். "நீங்க கோவக்காரரு, நானும் வரேன்"னு மயிலாத்தா பின்னால ஏறிக்கிட்டா. அந்தூட்டு வாசல்ல கால வச்சதும், தண்ணி குடிக்கமாட்டேன், உக்காரமாட்டேன்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் போனேன். அவிய ஊட்டம்மா எலையைப் போட்டு அரிசிம்பருப்புச் சோத்தைச் சுடச்சுடப் போட்டு, மேல நெய்யை ஊத்திட்டாங்க. நாட்டுக்கோழி வறுவல் வேற. பொண்ணெடுத்த ஊட்டுக்காரங்க வந்தா எப்படிக் கவனிப்பாங்களோ அப்படிங்க. மயிலாத்தா தொடையில கிள்ளறா. தின்னுட்டேன். ஒருத்தர் ஊட்டுச் சோத்தைத் தின்னு கை கழுவிட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுங்க சண்டை போடறது?

அப்புறம் கொறங்காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வேலாமரத்து நெழல்ல பவளம் படுத்திருக்கறாளுங்க. படுத்திருக்கறா! நாலு காலையும் நீட்டி, தலையைப் புல்லு மேல சாச்சு, கொறட்டை விட்டுத் தூங்கறா. அந்த ரூமைக் கட்டி விட்டதுல இருந்து அவ படுத்து நான் பாத்ததே இல்லைங்க. எத்தனை நாளாத் தூக்கம் இல்லாம நின்னாளோ பாவி. "கூப்புடுங்க, போலாம்"னா மயிலாத்தா. எனக்குக் கூப்புட வாய் வரலை. "இருந்துட்டுப் போவட்டும்"னேன்.

ஆனா என்ற ஆசையை நான் விட்டுருவனா? கட்டிலைத் தூக்கிக்கிட்டுப் போயிக் கொறங்காட்டுலயே போட்டுட்டேன். வாலுக்குச் சுத்தறதுக்குச் சுத்தமான துணி, குட்டியோட தொப்புளுக்கு வைக்க மருந்து, டார்ச்சு, எல்லாம் தலைமாட்டுல. மடி எறங்குச்சு. வாலடிச் சதை கொழகொழன்னு தளந்துச்சு. காம்பு நுனில மெழுகாட்டம் கட்டுச்சு. அது வந்தா இன்னைக்கோ நாளைக்கோன்னு அர்த்தம். நான் இமை கொட்டாமப் பாக்கறேன். அவ என்னைப் பாக்கறா. நான் அவளைப் பாக்கறேன். ஒண்ணுமே நடக்கலை. கிட்டப் போனா திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டறா. டாக்டரம்மா வந்து பாத்துட்டு, "நீங்க இப்படி மொறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா அது ஈனாதுங்கய்யா. ஆள் இல்லாத நேரம் பாத்துத்தான் குதிரை ஈனும். அது வரைக்கும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கும்"னாங்க. அது மத்தவங்களுக்குங்க. நான் என்ன அவளுக்கு வேத்து ஆளா? அசையலையே நான்!

அப்பத்தான் தம்பி அந்தச் சனியன் புடிச்ச பாம்பு வந்துச்சு.

கோழி கூப்புடற நேரம். மயிலாத்தா போன்ல அலறறா. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள பாம்பு! உடனே வாங்க!" போட்டது போட்டபடி வண்டியை முறுக்கிக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா பொறுமையா அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டு இருக்கறா. பாம்பு எங்கடின்னா, "இப்பத்தான் போச்சுங்க"ங்கறா. எந்தப் பக்கம்னா, "அப்படிக்கா"ங்கறா. தடியை எடுத்துக்கிட்டுப் பொறக்கடை பூராத் தேடறேன், ஒரு தடத்தையும் காணம். "வந்தது வந்தீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னா. காப்பி வந்துச்சு. "உப்புமா கிண்டட்டுமா?"ன்னா. கிண்டு கிண்டுன்னு கிண்டறா, ஒரு உப்புமாவை அவ்வளவு நேரம் கிண்டி நான் பாத்ததில்லை. பயந்து போயிருக்கறாளேன்னு நானும் திட்டலை. மொத வாயை எடுத்து வைக்கறேன், போன் அடிக்குது. "சம்மந்தி, குட்டி விழுந்திருச்சு! பொட்டைக் குட்டி!"

அந்தப் பாம்பு மட்டும் என்ற கைல சிக்கியிருந்தா தோலை உரிச்சிருப்பேன்.

நாங்க போயிச் சேர்றதுக்குள்ள குட்டி எந்திரிச்சு நின்னு பாலும் குடிக்குதுங்க. காலு நாலும் நாலு பக்கம் போவுது, விழுது, எந்திரிக்குது, மறுபடியும் மடியைத் தேடுது. ஒடம்பு இன்னும் ஈரம். நஞ்சுக்கொடியும் சுத்தமா விழுந்திருச்சு. தாய் கொறையில்லை, புள்ளை கொறையில்லை. எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், போச்சேங்கற வயித்தெரிச்சல் ஒரு பக்கம், மண்ணுல உக்காந்து அழுதுட்டேன். கிட்டப் போனேன். பவளம் காதை மடக்கிக்கிட்டு நடுவுல வந்து நிக்கறா. என்னையவே! ஃபேன் போட்டுக் குடுத்த என்னைய! அப்புறம் என்ன பண்ணினாங்கறீங்க? நேரா மயிலாத்தாகிட்டப் போயி, அவ மடியில மூஞ்சியைப் பொதச்சுக்கிட்டுத் துழாவறா. பாத்தா, மயிலாத்தா முந்தானைல வெல்லம் முடிஞ்சு வச்சிருக்கறா. அவளைக் கிட்டவே சேத்தாத பொம்பளைகிட்ட எப்படிங்க அப்படி ஒட்டுது? புள்ளை பெத்தவளுக்குத்தான் புள்ளை பெத்தவளோட அருமை தெரியும்போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

மாசம் மூணு ஆனதும் கொழந்தசாமியே சீரோட கொண்டாந்து விட்டாரு. புதுக் கயிறு, சலங்கை, குட்டிக்கு வெள்ளிக் கொலுசு. அதோ, வேம்படில நிக்கறாங்களே, தாயும் மகளும். அந்த ரூமுக்குள்ள மட்டும் கால வைக்கமாட்டேங்கறா.

இப்ப பவளத்துக்கு மறுபடியும் சினைங்க. இந்தத் தடவை கொழந்தசாமி வாயே தொறக்க முடியாது. ரெண்டாவது பிரசவம் புருசன் ஊட்டுலதான், அதுவும் முறைதானுங்களே! ஒரே ஒரு தடவை தம்பி. குட்டி பூமில விழறதை ஒரே ஒரு தடவை இந்தக் கண்ணால பாத்துட்டா எனக்குப் போதும், அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். அதனால எல்லாம் கெட்டியாப் பண்ணிட்டேன். நாதாங்கியைத்தானே மூக்கால நெம்பினா? இப்ப உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு வாங்கி வெளிக் கேட்டுல போட்டிருக்கறேன். என்னதான் அறிவு இருந்தாலும் பூட்டைத் தொறக்க முடியுங்களா? சாவியும் என்கிட்ட இல்லை. நான் எளகின மனசுக்காரன், பவளம் மூஞ்சியைத் தொங்கப் போட்டா ஒரு வேளை தொறந்து விட்டுருவேன். மயிலாத்தாகிட்டக் குடுத்து வச்சிருக்கறேன். அவளுக்குத்தான் குதிரைன்னாலே ஆகாதே.